துப்பாக்கியும் தோல்கயிறும்: இலங்கைக் காட்டில் தொடங்கிய வேட்டைக் கதை

ஒரு காலத்தில் நம் ஊர்களில் சஃபாரி சூட் போட்டால்தான் ஆபீசர் என்று மரியாதை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எழுபது, எண்பதுகளில் எடுத்த கல்யாண ஆல்பம் எதைப் புரட்டினாலும் முன்வரிசையில் நாலு பேராவது அரைக்கை சஃபாரியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சட்டையில் எதற்கு நாலு பை, தோளில் எதற்குப் பட்டை என்று யாரும் கேட்டதில்லை. தோட்டா வைத்துக்கொள்ளவும் துப்பாக்கி வார் நழுவாமல் இருக்கவும்தான்! ஆப்பிரிக்கக் காட்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரன் போட்ட உடுப்பு கடல் தாண்டி வந்து நம் ஊரில் கல்யாணத்துக்குப் போனது.

'சஃபாரி' என்பது சுவாஹிலி வார்த்தை. பயணம் என்று அர்த்தம். 'சஃபர்' என்ற அரபுச் சொல்லில் இருந்து போனது. ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு அது வேட்டைப் பயணம் ஆகிவிட்டது. சஃபாரி என்றதும் கென்யா, சிங்கம், தொப்பி வைத்த துரை என்று ஒரு படம் மனதில் ஓடும். ஆனால் கூலிக்கும் புகழுக்கும் யானை சுடும் துரைமார்களின் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது. நெய்வேலியில் இருந்து கடலூர் போய், கடற்கரையோடு தெற்கே பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் தாண்டி கோடியக்கரையில் நின்றால், எதிரே சுமார் 60 கிலோமீட்டரில் யாழ்ப்பாணம். அங்கிருந்து தெற்கே விரியும் காடுகளில்தான் அந்தக் கதை நடந்தது. அதில் தமிழ் பேசிய ஆட்களும் உண்டு. அவர்கள் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, கயிறு.

ராஜாவின் சொத்து

இலங்கை யானைக்கு உலகச் சந்தையில் பழைய பெயர் உண்டு. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், இலங்கையில் இருந்து யானைகளைப் பெரிய படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கலிங்க மன்னனுக்கு விற்றதாக எழுதியிருக்கிறார். யானையைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் தொழில்நுட்பம் அவ்வளவு பழையது.

சிங்கள மன்னர்கள் காலத்தில் யானை அரசனின் சொத்து. அனுமதி இல்லாமல் கொன்றால் கடும் தண்டனை. பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் யானை காசுதான், ஆனால் உயிரோடு இருக்கிற யானைதான் காசு. வன்னியின் சிற்றரசர்களிடம் இருந்து திறையாகவே யானைகளை வாங்கினார்கள். டச்சுக்காரர் காலத்தில் தெற்கே மாத்தறைப் பக்கம் பிடித்த யானைகளைக்கூடத் தீவின் மறுகோடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு நடத்திக்கொண்டு வருவார்கள். அங்கே விற்பனை நடக்கும். இந்தியாவில் இருந்து வியாபாரிகள் வந்து வாங்குவார்கள். ஊர்காவற்றுறையில் இருந்து கப்பல் ஏற்றுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கும் ஆனையிறவு என்ற பெயரே யானைகள் அந்தக் களப்பைக் கடந்து போன பாதையை இன்னும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பின்னாளில் அந்தப் பெயர் வேறு காரணங்களுக்காகச் செய்தித்தாள்களில் வந்தது தனிக் கதை.

யானைப் பணிக்கர்

உயிரோடு பிடிக்க வேண்டும் என்றால் அதற்கு ஆள் வேண்டும். சிங்களப் பகுதிகளில் பெரிய மரங்களை நட்டு வேலி போட்டு, ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துக் கூட்டத்தை உள்ளே விரட்டி அடைப்பார்கள். ஆங்கிலேயர் இதைக் 'கிரால்' என்றார்கள். இதற்கு ராஜாவின் அதிகாரமும் ஊர்மக்களின் கட்டாய ஊழியமும் வேண்டும்.

இன்னொரு முறை இருந்தது. அதற்கு ஊரே திரள வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த யானைப் பணிக்கர்கள் செய்த முறை அது. தாய்மொழி தமிழ். தொழில் தலைமுறை தலைமுறையாக வந்தது. வன்னியில் மாங்குளம் பக்கம் பணிக்கன்குளம் என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் ஏறாவூர்ப் பணிக்கர்களும் பெயர் பெற்றவர்கள்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட். 1859-ல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளில் புத்தகம் எழுதினார். பணிக்கர்களின் வேலையை அவர் வியந்து விவரிக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்:

இரண்டு பேர். கையில் ஆயுதம் இல்லை. மான் தோல் அல்லது எருமைத் தோலில் முறுக்கிய, வளைந்து கொடுக்கும் ஒரு கயிறு மட்டும். கூட்டத்தைக் கண்டதும் முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார்கள். தங்கள் வாடை யானைக்குப் போகாத திசையில் இருந்து நெருங்குவார்கள். எந்த யானை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அதன் பின்னாலேயே ஊர்ந்து போவார்கள். யானை மெதுவாக நடக்கும்போது பின்னங்கால் தரையை விட்டு எழும் அந்த ஒரு நொடியில் சுருக்கைக் காலில் மாட்டிவிட வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பக்கத்து மரத்தில் சுற்றிவிட வேண்டும். பிறகு இன்னொரு கால், இன்னொரு மரம். நெருப்பு மூட்டி, புகை போட்டு, பட்டினி போட்டு, பிறகு தீனி கொடுத்துப் பழக்குவார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1962-ல் வந்த 'ஹட்டாரி' படத்தில் ஜான் வெய்ன் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, நீளக் கம்பில் சுருக்கு மாட்டிக் காண்டாமிருகத்தைப் பிடிப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம். இவர்களுக்கு ஜீப்பும் இல்லை, கேமராவும் இல்லை. கால்நடை, கயிறு, காற்றின் திசை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலைப் பெரிய கருணை என்று சொல்லிவிட முடியாது. பிடிபட்ட யானைகள் பழகுவதற்குள் செத்துப்போவது சாதாரணமாக நடந்தது. ஆனால் பணிக்கருக்கு யானை உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு, கூட்டம் பெருகினால்தான் மகனுக்கும் பிழைப்பு. அடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வாலுக்குப் பத்து ஷில்லிங்

1815-ல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலைநாட்டை அடக்கி வைக்கச் சாலை வேண்டும் என்று 1820களில் கொழும்பில் இருந்து கண்டிக்குச் சாலை போட்டார்கள். சாலை வந்ததும் காப்பி வந்தது. 1830களின் கடைசியில் இருந்து மலைக்காடுகள் ஏக்கர் ஏக்கராக வெட்டப்பட்டன. இதுவரை யானையின் வழித்தடமாக இருந்த இடம் இப்போது ஒரு துரையின் எஸ்டேட்! யானை தன் வழியில்தான் வந்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது 'பயிரை அழிக்கும் பிராணி' ஆகிவிட்டது.

அரசாங்கம் யானையின் தலைக்கு விலை வைத்தது. சாட்சிக்கு வாலை வெட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஒரு வாலுக்கு 10 ஷில்லிங் இருந்ததாகவும், பிறகு சில மாவட்டங்களில் 7 ஷில்லிங்காகக் குறைத்ததாகவும், வேறு சில இடங்களில் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் நிறுத்தியே விட்டதாகவும் அங்கே வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் எழுதியிருக்கிறார். யானை குறைந்துவிட்டதே என்று நிறுத்தவில்லை, காசு கூடுதலாகிவிட்டதே என்று நிறுத்தினார்கள்.

டென்னன்ட் தரும் கணக்கு இது. 1848-க்கு முந்தைய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் பரிசு கேட்டு வந்த யானைகள் 3,500. அதாவது ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல். 1851-க்கும் 1856-க்கும் இடையில் தென் மாகாணத்தில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவில், 2,000. இரண்டையும் கூட்டினால் 5,500.

இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

இன்னொரு விஷயம். ஆப்பிரிக்காவில் யானையைக் கொன்றதற்குத் தந்தம் ஒரு காரணம். அங்கே ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. இலங்கை யானைக்கு அதுவும் கிடையாது. நூறில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்று டென்னன்ட் எழுதினார். இன்றைக்கும் இலங்கையின் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை சுமார் 7 சதவீதம்தான். ஆக, இறைச்சிக்கும் அல்ல, தந்தத்துக்கும் அல்ல. சுட்டார்கள், வாலை வெட்டினார்கள், உடலைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று துரைமார்கள்

அந்தக் காலத்து ஆங்கிலேயர் வட்டாரத்தில் மூன்று பெயர்கள் பிரபலம். மேஜர் ரோஜர்ஸ், கேப்டன் கால்வே, மேஜர் ஸ்கின்னர். டென்னன்ட் கணக்குப்படி ரோஜர்ஸ் 1,400-க்கு மேல். கால்வே அதில் பாதிக்கு மேல். ஸ்கின்னர் ஏறக்குறைய கால்வே அளவுக்கு. மூன்று பேர் மட்டும் கொன்றது கிட்டத்தட்ட 2,800 யானைகள்!

இவர்கள் மூவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள், வேட்டையே தொழில் என்று வந்தவர்கள் அல்லர். ரோஜர்ஸ் பதுளையில் நிர்வாக அதிகாரி. ஸ்கின்னர் 1819-ல், பதினைந்து வயதுப் பையனாக இருக்கும்போதே இலங்கைப் படையில் சேர்ந்து, பின்னாளில் தீவின் சாலைகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனவர். 1867-ல் ஓய்வு பெறும்வரை சாலை போடுவதே அவர் வாழ்க்கை. இன்று இலங்கையில் பஸ்ஸில் போகிறவர்கள் பலரும் அவர் அளந்த பாதையில்தான் போகிறார்கள். சாலை போட்டவரும் யானை சுட்டவரும் ஒரே ஆளாக இருப்பது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். பகலில் காட்டைத் திறப்பது, ஒழிந்த நேரத்தில் காட்டின் சொந்தக்காரனைக் காலி செய்வது.

சுடும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது குழாய் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக் காலம். ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து, குண்டு போட்டுக் கெட்டிக்க நேரம் ஆகும். பேக்கர் வைத்திருந்த ஒரு துப்பாக்கியின் எடை மட்டும் 21 பவுண்டு, கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோ. யானையைப் பத்துப் பதினைந்து தப்படிக்குள் வரவிட்டு நெற்றியில் சுட வேண்டும். குறி தப்பினால் பின்னால் நிற்கும் ஆள் அடுத்த துப்பாக்கியைக் கையில் திணிக்க வேண்டும். அந்த ஆள் பயந்து ஓடிவிட்டால் துரை கதை முடிந்தது.

அப்படியானால் துரைக்கு முன்னால் போய்த் தடம் பார்த்தவன் யார்? சாணத்தில் சூடு இருக்கிறதா, ஒடிந்த கிளையில் பால் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, 'அரை மணி நேரம் முன்னால் போயிருக்கிறது' என்று சொன்னவன் யார்? துரைக்குப் பின்னால், அதே யானைக்கு எதிரே, சுடாத கையோடு நின்றவன் யார்? சிங்களக் கிராமத்து ஆள், தமிழ் பேசும் ஆள், பணிக்கர் வீட்டுப் பையன். புத்தகங்களில் துரையின் துப்பாக்கிக்குப் பெயர் இருக்கும். எந்தக் கடையில் செய்தது என்றுகூட எழுதியிருப்பார்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது.

ரோஜர்ஸின் முடிவு விசித்திரமானது. 1,400 யானைகளுக்கு எதிரே நின்றும் சாகாதவர், 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் தங்கும் விடுதி வாசலில் நின்றபோது இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். செய்த பாவம் விடவில்லை என்பது கதை சொல்கிறவர்களின் தீர்ப்பு. பாவ புண்ணியக் கணக்கு எப்படியோ, அந்தக் கதை உயிரோடு இருப்பதே ஒரு சாட்சி. புத்தகத்தில் வீரம் என்று எழுதியதை ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அதே காட்டில் நடந்தவர்கள்

துரைமார்கள் வேட்டையாடிய அதே ஆண்டுகளில் அதே காடுகளின் வழியாக வேறு ஒரு கூட்டமும் நடந்துகொண்டிருந்தது. காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன நம் தமிழ்நாட்டு ஜனங்கள். ராமேஸ்வரம் பக்கம் இருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே போனார்கள். 1840களில் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் பேர். காலரா, மலேரியா, பட்டினி, தண்ணீர்ப் பஞ்சம் என்று வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். யானை பயம் தனி.

இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரியும். செத்த யானைக்கு அரசாங்கத்தில் கணக்கு இருந்தது, ஏனென்றால் வாலுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். வழியில் செத்த கூலிக்கு எத்தனை என்ற கணக்கில் இன்றுவரை சர்ச்சை இருக்கிறது.

இலங்கையில் இருந்து ஆப்பிரிக்காவுக்கு

சாமுவேல் பேக்கர் 1840களின் நடுவில் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். 1848-ல் நுவரெலியாவில் பண்ணை போட்டுத் தங்கினார். 1854-ல் தன் இலங்கை வேட்டை அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் நன்றாக ஓடியது. 1855-ல் தீவை விட்டுப் போனவர், 1861-ல் நைல் நதி வழியே ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தார். 1864 மார்ச்சில் ஒரு பெரிய ஏரியைக் கண்டு அதற்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்தார். பள்ளிப் பாடத்தில் அவர் 'கண்டுபிடிப்பாளர்'. அந்த ஏரிக்கரையில் காலம் காலமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

ஆப்பிரிக்காவில் பேக்கருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. இலங்கையில் கைகொடுத்த நெற்றிச் சூடு அங்கே பலிக்கவில்லை. ஆப்பிரிக்க யானையின் மண்டை அமைப்பே வேறு. நெற்றியில் பட்ட குண்டு மூளைக்குப் போகாமல் எலும்பில் சிக்கிக்கொண்டது. இலங்கையில் பத்து வருடம் படித்த பாடத்தை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டி வந்தது.

அங்கேயும் அவர் ஒரு பணிக்கரைச் சந்தித்தார் என்று சொல்லலாம். அபிசீனியா எல்லையில் ஹம்ரான் அரபுகள் என்ற கூட்டம். குதிரையில் போய் ஒருவன் யானையின் கவனத்தை இழுக்க, இன்னொருவன் பின்னால் வந்து ஓடும் குதிரையில் இருந்து குதித்து, வாளால் பின்னங்கால் நரம்பை வெட்டிவிடுவான். துப்பாக்கியே கிடையாது. தன்னைவிடப் பெரிய வேட்டைக்காரர்கள் என்று பேக்கர் அவர்களைத் தாராளமாகப் புகழ்ந்தார். பேக்கர் 'சர்' பட்டம் வாங்கினார். வாள் வீசியவர்களின் பெயர் அவர் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

வேட்டை வியாபாரம் ஆனது

பேக்கர் தலைமுறைக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் முழுநேர வேட்டைக்காரர்கள் வந்தார்கள். முதலில் தந்தத்துக்காக. 1871-ல் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கிய ஃபிரெடரிக் செலூஸ் அதில் பெரிய பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1,011 யானைகளைச் சுட்டதாகக் கணக்கு வைத்திருந்தார். செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படம் போட்டுப் படித்தவர் அவர். அதனால் சின்னத் துப்பாக்கியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தந்தம் குறைந்தபோது வேறு ஒரு வருமானம் வந்தது. தானே சுடுவதைவிட, பணக்கார விருந்தாளியைச் சுட வைத்துக் கூலி வாங்குவது! நைரோபியில் இதற்கென்றே கம்பெனிகள் முளைத்தன. 1909-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மகனோடு வந்தார். அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிக்கிறோம் என்று சொல்லி அப்பாவும் மகனும் சுட்ட விலங்குகள் மட்டும் 512. சாமான் தூக்க நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமையாட்கள் பின்னால் நடந்தார்கள். இதற்குப் பிறகுதான் சஃபாரி என்பது உலகம் முழுக்க ஒரு ஃபேஷன் ஆனது. சட்டை தைக்க ஆரம்பித்தார்கள்.

இலங்கையில் காப்பிக்காக நடந்தது அங்கேயும் நடந்தது. 1944-க்கும் 1946-க்கும் இடையில் கென்யாவின் மக்குவேனி பகுதியில் விவசாய நிலம் ஏற்படுத்த வேண்டும் என்று அரசாங்கமே ஜே.ஏ. ஹன்டர் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. அவர் சுட்டது கிட்டத்தட்ட ஆயிரம் காண்டாமிருகங்கள். ஆள் வேறு, கண்டம் வேறு, நூறு வருட இடைவெளி வேறு. கணக்கு மட்டும் அதே கணக்கு.

யார் வேட்டைக்காரன், யார் திருடன்?

எல்லாம் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணம் இதில் முந்திக்கொண்டது. 1873-ல் காட்டு யானைகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். மரம் இழுக்கவும் ராணுவத்துக்கும் யானை தேவைப்பட்டது என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் இன்று முதுமலையிலும் ஆனைமலையிலும் யானை இருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1879-ல் நீலகிரிக்கு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இலங்கையில் 1891-ல் யானையை வீணாகக் கொல்வதைத் தடுக்கச் சட்டம். 1937-ல் இன்னும் விரிவான வனவிலங்குச் சட்டம், அடுத்த ஆண்டே யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்கள். கென்யா 1977-ல் வேட்டையை முழுவதுமாகத் தடை செய்தது.

சட்டம் நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் வந்த சட்டங்களின் உள்ளே ஒரு ஓட்டை வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் லைசென்ஸ். பணம் கட்டி லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கியால் சுட்டால் அது விளையாட்டு. கண்ணி வைத்தால், வில்லில் அடித்தால், வலை போட்டால் அது திருட்டு. லைசென்ஸ் வாங்கப் பணம் யாரிடம் இருந்தது, கண்ணி யாரிடம் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கென்யாவில் சாவோ பக்கம் வாட்டா என்றொரு சின்ன இனம். பெரிய வில்லும் விஷ அம்பும் வைத்து யானை வேட்டையாடியே வாழ்ந்தவர்கள். யானையும் இருந்தது, அவர்களும் இருந்தார்கள். 1948-ல் அவர்கள் காடு தேசியப் பூங்கா ஆனது. 1950களில் நடந்த பெரிய வேட்டைத் தடுப்பு நடவடிக்கையில் அவர்கள் கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போனார்கள். அதே ஆண்டுகளில், பூங்கா எல்லைக்கு வெளியே, லைசென்ஸ் வாங்கிய வெளிநாட்டு விருந்தாளிகள் யானை சுட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பணிக்கர்களின் தொழிலும் மெல்ல முடிந்துபோனது. யானைக்கு மார்க்கெட் போனது, காடு சுருங்கியது, பிடிக்க அனுமதி இல்லை. அது முடிந்தது யானைக்கு நல்லதே. ஆனால் காற்றைப் பார்த்து, கால் எழும் நொடியைக் கணித்து, கையால் தொட்டு யானையை அறிந்த அந்த அறிவும் கூடவே போய்விட்டது. அதைப் பெரும்பாலும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. இன்று அதைத் தெரிந்துகொள்ள டென்னன்ட் துரையின் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு எண்

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன எண், 5,500. பரிசுப் பணத்துக்காக, தீவின் இரண்டு மூலைகளில், மொத்தமாக எட்டு வருடத்துக்குள் செத்த யானைகள். 2011-ல் இலங்கை முழுவதும் கணக்கெடுத்தபோது இருந்த யானைகள் 5,879. ஒரு நாட்டில் அப்போது இருந்த மொத்த யானையும் ஏறக்குறைய ஒரு 'பரிசுத் திட்டம்' அளவுதான்!

இப்போது அங்கே துரைமார்கள் இல்லை. ஆனால் 2023-ல் மட்டும் இலங்கையில் 450-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. யானையால் செத்த மனிதர்கள் நூற்றுக்கும் மேல். அவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். காப்பிக்காகவும் சாலைக்காகவும் பாதை மறிக்கப்பட்ட அன்று தொடங்கிய சண்டை, நெல்வயலுக்கும் மின்வேலிக்கும் நடுவில் இன்னும் நடக்கிறது. அன்று லாபம் பார்த்தவர்கள் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள்.

2023-ல் முதுமலை தெப்பக்காட்டு முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியபோது நாடே அவர்கள் பெயரைச் சொன்னது. யானையை உண்மையில் அறிந்தவர்களின் பெயர் வெளியே வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ரோஜர்ஸுக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்தி நின்றவன் பெயரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நுவரெலியா பக்கம் சுற்றுலா போகிறவர்கள் அந்த உடைந்த கல்லறையைப் பார்த்தால், அவனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அந்த 1,400-ஐயும்.